பன்னிரண்டாம் கிலோமீட்டரில் ஒரு முக்காலி

1

அன்றைக்கு மெர்சிங் என்ற கடற்கரை ஊரில், அந்த இடத்தில் இருந்தவர்கள்:

என் மனைவி சரசு. இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடம். குடத்தில் வேப்பிலை.

அவள் அண்ணன் முனியாண்டி, என் மச்சான். பாலோவில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் ஒரு முக்காலி. அதற்கு நாலு கால். இருந்தாலும் முக்காலி என்றுதான் சொல்கிறோம்.

மச்சானின் கூட்டாளி குட்டி. பெயர்தான் குட்டி, வயது அறுபது. இடுப்பில் உறுமி மேளம்.

என் மகள் தர்ஷினி. நீலச் சட்டை, கழுத்தில் விசில், கையில் வாக்கிடாக்கி. அவள் எனக்காக வரவில்லை. பந்தயம் நடத்துகிறவர்களின் ஆளாக, நடுவர் வேலைக்கு வந்திருந்தாள்.

நான். வயிற்றில் நம்பர் கட்டியிருந்தேன். இடது கணுக்காலுக்குள் ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ.

நான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், சரசு என் காலில் தண்ணீர் ஊற்றுகிறாள், குட்டி மேளம் அடிக்கிறான். யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி நம்ம ஊருக்கும் வந்துவிட்டது. என் தம்பி போன் போட்டான்.

"அண்ணே, எந்தக் கோயிலுக்குக் காவடி? சட்டை ஏன் இவ்வளவு இறுக்கமா இருக்கு? அங்க துணி விலை ஏறிட்டா?"

ஊர்க் குழுவில் எல்லாரும் கும்பிடு போட்டிருக்கிறார்கள். ஒருவர் திருநீறு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

அது காவடி இல்லை. காவடி இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்பு. நீட்டி எழுத வராது.

2

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

கடலில் ஒன்று புள்ளி ஒன்பது கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி, ஈரத்தோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். இறங்கி, இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில், ஒரே ஆள். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு வினாடி தாண்டினாலும் முடிக்காதவன் என்று எழுதிவிடுவார்கள்.

யாரும் துரத்துவதில்லை. இதைப் பலமுறை ஊரில் கேட்டுவிட்டார்கள். யாரும் துரத்தவில்லை. நாமே பணம் கட்டி நாமே ஓடுகிறோம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே பிறந்தவனுக்கு நீச்சல் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வலை எடுக்கப் போனோம், நீந்தினோம். சைக்கிள் இங்கே வந்து பழகியது. கூலாயில் வீடு, செனாயில் தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. பஸ்ஸை நம்பினால் சம்பளம் வெட்டு. அதனால் பதினைந்து வருஷம் மிதித்தேன். ஓட்டம் என்பது வேலைக்கு நேரமாகிவிட்ட நாளில் ஓடியது. மூன்றையும் தனித்தனியாக, இல்லாமையால் செய்தவன் நான். மூன்றையும் சேர்த்துச் செய்தால் விளையாட்டு என்கிறார்கள். உடல்வாகு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் பாராட்டினார். வறுமை என்று அவரிடம் சொல்லவில்லை.

பெயர் கொடுத்தது மகள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை. காலை நாலரைக்குப் போவாள், இரவு ஒன்பதுக்கு வருவாள். வந்தால் போனைப் பார்ப்பாள். ஆங்கிலத்தில் சிரிப்பாள். என்னிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. "சாப்ட்டீங்களா, பா? ஓகே, பா." ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரும் சைக்கிள் எடுத்துக்கொண்டு போவோம். எதிர்க்காற்றில் பேச முடியாது. அது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிறு, கரும்புத் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் சொன்னாள். "பா, மெர்சிங் ரேஸுக்கு உங்க பேரு போட்டுட்டேன்."

"நீ?"

"நான் போன வருஷமே பண்ணிட்டேன்லா. இந்தத் தடவை நடுவர் டீம்ல இருக்கேன்."

அடுத்த வாய் குடித்துவிட்டு, "அப்புறம் நான் பெர்த் போறேன். வேலை கெடச்சிருக்கு. ரேஸ் முடிஞ்சி ஒம்போதாவது நாள் ஃப்ளைட்" என்றாள்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். எதற்கு நான் பதில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. "சரி" என்றேன்.

3

நான் முடித்த காரியம் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை.

ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சைக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஊரில் கட்டிய வீடு மாடிக்குக் கம்பி விட்டு நிற்கிறது. பதினாறு வருஷமாகத் துருப்பிடிக்கிறது. தம்பி அதில் துணி காயப்போடுகிறான்.

இந்த நாட்டில் நான் போட்ட மனுவும் முடியவில்லை. வேலை பெர்மிட்டில் வந்தவன் இங்கே கல்யாணம் கட்டக்கூடாது. அதனால் வேலையை விட்டு, ஊருக்குப் போய், இங்கேயே பிறந்த சரசுவை அங்கே வரவழைத்துத் தாலி கட்டி, அவளுடைய புருஷனாகத் திரும்பி வந்தேன். இங்கே தங்குவதற்கான என் பாஸில் இப்போது எழுதியிருக்கிற தொழில் அதுதான். புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அவளும் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். பாஸ் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து நான் அவளோடு சண்டை போடுவதில்லை. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்பேன். அவளுக்கும் தேதி தெரியும். அந்த இரண்டு மாதம்தான் அவள் அண்ணன் வந்து தங்குவார்.

நிரந்தரமாக இருக்க மனு போட்டுப் பதினொரு வருஷம். நான் முதலில் கற்ற மலாய் வார்த்தை 'புலான் டெப்பான்'. அடுத்த மாதம் என்று அர்த்தம். குடியேற்ற ஆபீஸ் கவுண்டரில் இருப்பவர் முகம் மாறும், கவுண்டர் இருக்கும் கட்டடம் மாறும், வார்த்தை மாறவில்லை. ஒருமுறை ஃபைல் ஜொகூர் பாருவில் இருக்கிறது என்றார்கள். ஜொகூர் பாருவில் புத்ராஜெயாவில் இருக்கிறது என்றார்கள். புத்ராஜெயாவில், நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள், ஜொகூர் பாருவில்தானே இருக்கிறது என்றார்கள். என் பெயர் இசக்கிமுத்து. எல்லா இடத்திலும் இசாக் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் வேறு யாருக்காவது கிடைத்துவிட்டதோ என்னவோ.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். பன்னிரண்டு வயதிலேயே எனக்கு ஃபாரம் நிரப்பித் தருவாள். 'அடுத்த மாதம்' என்று சொன்னதும் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்ப்பாள்.

அவள் போவதற்குள் ஒரு காரியமாவது அவள் கண்முன் முடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பெரிய லட்சியம் எல்லாம் இல்லை.

4

பந்தயத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது காலை உடைத்துக்கொண்டேன்.

என் தப்புதான். ஃபோர்க்லிஃப்டிலிருந்து படியில் இறங்காமல் குதித்தேன். இருபது வருஷமாக அப்படித்தான் குதிக்கிறேன். அன்றைக்குக் கீழே பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சந்து இருந்தது. கால் அதற்குள் போனது. உடம்பு வேறு பக்கம் போனது.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். இளம் டாக்டர். ஆறு வாரம் தரையில் ஊன்றக்கூடாது, பிறகு மெதுவாக நடக்கலாம் என்றார்.

"ஓடலாமா?"

"அங்கள், உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"எதுக்கு ஓடணும்?"

நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தர்ஷினி பந்தயத்துக்காரர்களுக்கு எழுதிக் கேட்டாள். கட்டிய பணம் திரும்பாது, வேறு ஆள் பெயருக்கு மாறாது என்று பதில் வந்தது. நான் அதைப் படித்துவிட்டு நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன். விலகச் சொல்லி வற்புறுத்தவில்லை அல்லவா.

"வேணாம், பா. விட்டுடுங்க" என்றாள்.

"சரி" என்றேன். அடுத்த நாள் நீச்சல் குளத்துக்குப் போனேன். தண்ணீரில் கால் ஊன்ற வேண்டியதில்லை.

பத்து வாரத்தில் சைக்கிள். பதினான்காவது வாரம் நடை. பிறகு ஒரு நாள் தர்ஷினி காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தாள். நீச்சல் ஐம்பது நிமிடம். சைக்கிள் நாலு மணி நேரத்துக்குள். அதற்குப் பிறகு ஓட வேண்டியதில்லை. கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்று வேக நடை நடந்தால் போதும், பத்து நிமிடம் சொச்சமாக மிஞ்சும்.

"அந்தச் சொச்சத்துலதான் ஒண்ணுக்குப் போகணும், சட்டை மாத்தணும், வலிச்சா நிக்கணும். ஓகே, பா?"

"ஓகே" என்றேன். அவள் மொழியில் நான் சரளமாகப் பேசும் வார்த்தை அது.

5

இந்த விஷயம் மச்சான் காதுக்குப் போனது.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்களை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் முக்காலி தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வருவானே, அவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த நாட்டில் காவடிக்காரன் தனியாக நடப்பதில்லை. ஒருத்தர் தண்ணீர், ஒருத்தர் எண்ணெய், நாலு பேர் மேளம், ஒருத்தர் முக்காலி. காவடிக்காரன் தள்ளாடினால், திரும்பிப் பார்க்காமல் உட்காரலாம். முக்காலி அவன் பின்னால் இருக்கும். இருக்க வேண்டும். மச்சான் முப்பது வருஷம் முக்காலிக்காரர்.

"ஒருத்தனும் தரையில விழுந்ததில்ல மாப்ள. ஒருத்தன்கூட" என்று விரலைக் காட்டுவார்.

என் பந்தயத்தை அவர் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார். "வெறும் வயித்துல வெயில்ல நடக்கிறது. அரைகுறைத் துணி. ஒடம்புல இரும்பு. அதுக்கு அலகு, இதுக்கு ஸ்க்ரூ. எல்லாம் ஒண்ணுதான்லா."

அதனால் நாற்பத்தெட்டு நாள் விரதம் என்றார். டாக்டர் எலும்பு ஒட்டுவதற்கு மீனும் முட்டையும் சாப்பிடச் சொல்லியிருந்தார். மச்சான் கூடாது என்றார். டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மச்சான் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சரசு மீன் வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

தர்ஷினி ஒருமுறை எல்லாருக்கும் தெளிவாகச் சொன்னாள். "மாமா, ரேஸ்ல வெளியாளு யாரும் அப்பாவத் தொடக்கூடாது. தண்ணி கூட எங்க மேசையில இருக்கிறததான் எடுக்கணும். தொட்டா தண்டனை. ரூல்."

"வெளியாளுக்குத்தானே?" என்றார் மச்சான். "நாம குடும்பம்லா."

"குடும்பமும் வெளியாளுதான், மாமா."

அதற்கு மச்சான் சிரித்த சிரிப்பை நான் கவுண்டர்களில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் போகிறவர்கள் சிரிக்கும் சிரிப்பு. அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "ஆபீஸ்ல நம்ம பிள்ள இருக்கு. நீ ஏன் பயப்புடுற?"

இருபத்தாறு வருஷம் இந்த நாட்டில் எல்லா ஆபீசிலும் நம்ம ஆள் ஒருத்தர் இருக்க மாட்டாரா என்று தேடியவன் நான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

6

காலை ஏழரைக்குக் கடலில் இறங்கினோம்.

என் பக்கத்தில் நின்றவரின் சைக்கிள், என் மச்சானின் காரை விட விலை அதிகம். கண்ணாடி ஒன்று, காலுறை ஒன்று, கையில் மணி பார்க்க ஒன்று, மூச்சு பார்க்க ஒன்று. என்னிடம் எத்தனையாவது பந்தயம் என்று கேட்டார். முதல் என்றேன். பயிற்சியாளர் யார் என்றார். சூப்பர்வைசர் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நீச்சலில் வலி இல்லை. கடல் என்னிடம் பாஸ் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு நிமிடத்தில் கரையேறினேன். மகள் போட்ட கணக்கில் இரண்டு நிமிடம் லாபம்.

சைக்கிளில் எண்டாவ் போகிற சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. வேறு எதுவும் இல்லை. போகும்போது காற்று பின்னால் தள்ளியது. நாம் பலசாலி என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது காற்று முகத்தில் அடித்தது, அந்த நினைப்பு போய்விட்டது. லாபத்தையெல்லாம் காற்று எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஷூ மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். இடது ஷூ கயிற்றைக் கட்ட முடியவில்லை, கால் அவ்வளவு வீங்கியிருந்தது. சும்மா செருகிக்கொண்டேன்.

மெர்சிங் வெயிலைப் பற்றி எழுதப் போவதில்லை. நம்ம ஊரிலும் அதுதான் இருக்கிறது. இலவசமாக.

ஒரு கிலோமீட்டர், பத்து நிமிடம். இரண்டு, இருபது. எண்ணுவது மட்டும்தான் வேலை. ஃபோர்க்லிஃப்ட் வேலையும் அதுதான். எண்ணி எடு, எண்ணி வை. என்னைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் 'குட் ஜாப்' என்றார்கள். நானும் சொன்னேன். பதினொன்று வரை கணக்குப் பிசகவில்லை.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை. மேசையருகே நீலச் சட்டையில் தர்ஷினி. ஆள் பற்றாக்குறையாம், அவளை அங்கேதான் போட்டிருந்தார்கள். மகள் நிற்கிற இடம்தான் தோதான இடம் என்று சரசுவும் மச்சானும் குட்டியும் இருபது அடி தள்ளி நிழலில் இருந்தார்கள்.

மேசைக்குப் போவதற்குள் கால் நின்றுவிட்டது. தகடு இருக்கிற இடத்தில் சாவியை விட்டுத் திருப்பியது போல் இருந்தது. நான் தள்ளாடினேன். விழுந்திருப்பேனா என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழி இல்லை. பின்னால் முக்காலி இருந்தது.

உட்கார்ந்தேன். யாரும் அழுத்தி உட்கார வைக்கவில்லை. உட்கார்ந்தது நான். இதை எங்கேயும் சொல்வேன்.

சரசு குடத்தைச் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் ஷூவுக்குள் இறங்கியது. மச்சான் கெண்டைக்காலில் எண்ணெய் போட்டுத் தேய்த்தார். குட்டி உறுமியை இழுத்தான். "வேல் வேல்" என்றார் மச்சான். ஓடிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பையன் நின்று, இரண்டு சுற்று ஆடி, படம் எடுத்துக்கொண்டு போனான். நீங்கள் பார்த்தது அந்தப் படம்தான்.

பிறகு விசில்.

7

"நம்பர் ஏழு நாலு ரெண்டு. எழுந்து நில்லுங்க."

"யாரச் சொல்லுது?" என்றார் மச்சான்.

"பா, எழுந்திரிங்க."

"உக்காரட்டும்லா பிள்ள. கால பாரு, பன்னு மாதிரி வீங்கிக் கெடக்கு."

"மாமா, கைய எடுங்க. அம்மா, நீங்களும்."

"கோயில் எண்ணெய்டி!" என்றாள் சரசு.

"எந்த எண்ணெயும் கூடாது, மா."

நான் எழுந்தேன். அவள் வாக்கிடாக்கியில் ஆங்கிலத்தில் சொன்னாள். முக்காலி, தண்ணீர், எண்ணெய். பெயர் சொன்னாள். அந்தப் பக்கம் தலைமை நடுவர் ஏதோ கேட்டார். "என் அப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். பிறகு அவர் சொன்னது எனக்கே புரிந்தது. ஐந்து நிமிடம். இன்னொருமுறை தொட்டால் வெளியே.

"அலமாக்!" மச்சான் தலையில் கை வைத்தார். "சொந்த அப்பனுக்கே சம்மனா? ஊருல நாலு பேருகிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

"மேளம்?" என்று குட்டி மெதுவாகக் கேட்டான்.

அவள் ஒரு நொடி யோசித்தாள். "மேளம் அடிக்கலாம், அங்கள். ஆளத் தொடக்கூடாது."

குட்டி அடிக்கவில்லை.

மேசைக்குப் பக்கத்தில் நாலு கால் நட்டு நீலக் கூடாரம். தண்டனைக்காரன் அதற்குள் நிற்க வேண்டும். உட்காரக்கூடாது. நடுவர் எதிரே நின்று மணி பார்க்க வேண்டும். வேறு ஆள் இல்லாததால் நடுவரும் அவள்தான். நாங்கள் இரண்டு பேரும் இரண்டடி தூரத்தில் எதிரும் புதிருமாக நின்றோம். அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று தெரியவில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

"அது என்ன, புருவத்துல?"

"சைக்கிள்ல விழுந்தேன். ரெண்டு வருஷம் முன்ன."

"சொல்லல."

"நீங்களும் காலு எப்படி ஒடஞ்சதுன்னு ரெண்டு நாள் கழிச்சித்தான் சொன்னீங்க."

ஒரு நிமிடம் போனது.

"பெர்த்ல குளிருமா?"

"ஜூன், ஜூலைல குளிரும், பா."

"அங்கயும் கவுண்டர் இருக்கும். எந்தப் பேப்பரக் கொடுத்தாலும் மூணு காப்பி எடுத்து வச்சுக்க. அசலக் கையவிட்டுக் கொடுக்காத."

"எல்லாம் ஆன்லைன், பா."

"ஆன்லைன்லயும் கவுண்டர் இருக்கும். சிரிக்காத. சிரிச்சா ஏமாளின்னு நெனச்சு கடைசியாக் கூப்பிடுவான்."

அவள் சிரித்துவிட்டாள். உடனே மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

கூடாரத்துக்கு வெளியிலிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "பிள்ள, நாலு நிமிஷத்துல உட்டுடு. வாட்ச்ச யாரு பாக்கிறா?"

"நான் பாக்கிறேன், மாமா."

சரசு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் காலுக்காகவா, மகளுக்காகவா என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை கேட்கவில்லை.

"நான் சொல்லாம விட்டிருக்கலாம்" என்றாள் தர்ஷினி. இந்தமுறை சத்தம் குறைவாக. "யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"விட்டிருந்தா?"

அவள் மணிக்கட்டைத் திருப்பினாள்.

"இப்ப எவ்வளவு ஆச்சு?"

"மூணு பத்து."

மூன்று நிமிடம் பத்து வினாடி. அவள் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். அடுத்த மாதம் என்றார்கள், தலைமை அதிகாரி லீவு என்றார்கள், சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார்கள். ஒரே ஒரு அதிகாரி ஐந்து நிமிடம் என்று சொல்லி, ஐந்தே நிமிடத்தில் என்னை விட்டது இதுதான் முதல் தடவை.

"போங்க, பா" என்றாள். கை நீட்டித் தள்ளப் போனவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். தொடக்கூடாது.

8

மீதி ஒன்பது கிலோமீட்டர். மணி இரண்டு முப்பத்தைந்து. நாலு மணிக்கு முடிகிறது.

பத்து நிமிடக் கணக்கு இனி உதவாது. ஒன்பது நிமிடச் சொச்சத்தில் ஒரு கிலோமீட்டர் போக வேண்டும். அது நடை இல்லை, ஓட்டமும் இல்லை. இடது காலை வைப்பேன், வலது காலால் தப்பிப்பேன். ஷூவுக்குள் மஞ்சள் தண்ணீர் சளக் சளக் என்றது. சரசு அதில் கற்பூரமும் போட்டிருந்தாள். எரிந்தது.

பதினாறில் இரண்டு நிமிடம் பின்னால் இருந்தேன். பதினெட்டில் ஒன்றரை. அங்கே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர், காலையில் பயிற்சியாளர் யார் என்று கேட்டவர். அவர் 'குட் ஜாப்' என்றார். நான் "முடிஞ்சிடும், வாங்க" என்று தமிழில் சொன்னேன். அவர் சீனர். கொஞ்ச தூரம் கூட வந்தார். பிறகு வரவில்லை.

இருபதில் ஒரு நிமிடம் பின்னால்.

கடற்கரைச் சாலை கடைசியில் ஒரு வளைவு திரும்பும். திரும்பினால் முடிவுக் கோடு தெரியும். காற்றடித்து நிறுத்திய பெரிய வளைவு, அதன் மேல் கடிகாரம். நான் திரும்பினேன். அப்போது நேரம் முடிந்த சங்கு ஊதினார்கள்.

எனக்கும் கோட்டுக்கும் நடுவில் நூற்றைம்பது மீட்டர் இருக்கும். யாரும் இல்லாத சாலை. சங்கு ஊதியதும் வேலையாட்கள் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். இந்த நாட்டில் அப்படி ஒரு வேகத்தை எந்த ஆபீசிலும் நான் பார்த்ததில்லை. ஒருவன் கடிகாரத்தை அணைத்தான். ஒருவன் வளைவின் காற்றைப் பிடுங்கினான். அது மெதுவாகக் குனிந்து சாலையில் படுத்துக்கொண்டது. இன்னொருவன் கோட்டில் போட்டிருந்த விரிப்பைச் சுருட்டினான்.

நிற்கலாம். நின்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் நிற்கவில்லை. அதற்குக் காரணம் வீரம் இல்லை. நின்றால் திரும்ப நடக்க முடியாது என்று தெரியும்.

ஓரத்தில் மச்சான் கூடவே ஓடி வந்தார். கையில் முக்காலி. என்னைத் தொடவில்லை. ஒரு கை தூரம் விட்டே வந்தார். "தொடல பிள்ள! நான் தொடல!" என்று கத்திக்கொண்டே வந்தார். குட்டி இப்போது அடித்தான்.

விரிப்பைச் சுருட்டியவன் என்னைப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது அங்கள் என்று மலாயில் சொன்னான். விரிப்பு கிடந்த இடத்தில் தார் ஈரமாக, கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தர்ஷினி நின்றாள். வேலை முடிந்து வேனில் வந்துவிட்டிருந்தாள். கழுத்தில் விசில் இல்லை. கண் என் முகத்தில் இல்லை, காலில் இருந்தது. இடது கால் பட்டையைத் தாண்டியதும் மணிக்கட்டில் பொத்தானை அழுத்தினாள்.

அதற்குப் பிறகுதான் பிடித்தாள். என் எடை முழுவதையும் அவள் மேல் போட்டேன். தாங்கினாள்.

"எட்டரைன்னே வச்சிக்கலாம்லா" என்றார் மச்சான், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஊருக்கு அப்பிடியே சொல்லிடலாம். யாரு வந்து கேக்கப் போறா?"

அவள் தலையை ஆட்டினாள். வாட்ச்சை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். எனக்கு வியர்வையில் ஒன்றும் தெரியவில்லை. படி என்றேன். தமிழில் படித்தாள்.

எட்டு மணி, முப்பத்தோரு நிமிஷம், பன்னெண்டு செகண்டு.